பாதியில் நின்ற கோப்பு

கோப்பு அனுப்பும் மென்பொருளைத் திறந்ததும் சில நாட்களில் ஓர் அறிவிப்புப் பெட்டி எதிரே வந்து நிற்கும். தளங்களின் பட்டியல் அடங்கிய கோப்பை ஏற்ற இயலவில்லை என்றும், அது அணுகக்கூடியதாகவும் இலக்கணம் பிழையாத எக்ஸ்எம்எல் ஆவணமாகவும் இருக்கிறதா என்று பார்க்கும்படியும் அது சொல்லும். ஃபைல்ஸில்லா என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தி இணையதளம் நடத்தியவர்களில் பலர் இந்த அறிவிப்பைக் கண்டிருப்பர். இணையதளத்தின் பக்கங்கள் எல்லாம் தொலைவிலுள்ள வழங்கியில் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்த வழங்கியின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்றும் வீட்டுக் கணினியில் உள்ள அந்த ஒரு சிறு கோப்பில் மட்டுமே இருந்திருக்கும். வீடு அப்படியே இருக்கிறது, திறவுகோல் தொலைந்துவிட்டது என்ற நிலை.

இந்தச் சிறு விபத்தின் பின்னே ஒரு நெடிய வரலாறு உண்டு. கோப்பைச் சிதையாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வது எப்படி என்று அரை நூற்றாண்டுக்கு முன் சிலர் சிந்தித்தனர். கொண்டுசெல்லும் கருவி தன் சொந்த நினைவைச் சிதையாமல் காப்பது எப்படி என்ற கேள்வி வெகுகாலம் கழித்தே எழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1971ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதியிட்ட ஆவணம் ஒன்றிலிருந்து தொடங்கலாம். 'கருத்துரை வேண்டல்' என்ற பெயரில் இணைய முன்னோடிகள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட குறிப்புகளின் வரிசையில் அது 114ஆவது. எழுதியவர் அபய் பூஷண், அலகாபாத்தில் பிறந்தவர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவர்களில் ஒருவராகப் பட்டம் பெற்று அமெரிக்கா சென்று, அங்கு எம்ஐடி நிறுவனத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். எஃப்டிபி என்று நாம் சுருக்கி வழங்கும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வடிவம் அக்குறிப்பில்தான் உள்ளது. அன்றைய அர்பாநெட் வலையமைப்புக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. இன்றைய இணையத்தின் அடித்தளமான டிசிபி-ஐபி நெறிமுறைக்கு அவ்வலையமைப்பு முழுமையாக மாறியது 1983 சனவரி 1ஆம் தேதி. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே கோப்புகள் பயணம் செய்யத் தொடங்கிவிட்டன.

பூஷண் எதிர்கொண்ட சிக்கல் இலக்கிய வாசகர்களுக்கு அந்நியமானது அன்று. ஒவ்வொரு கணினியும் எழுத்தை ஒவ்வொரு விதமாக எழுதி வைத்த காலம் அது. ஐபிஎம் பெருங்கணினிகள் எப்சிடிக் என்ற குறியீட்டில் எட்டுத் துணுக்குகளுக்கு ஓர் எழுத்து என வைத்தன. பிடிபி-10 கணினியின் சொல்லோ முப்பத்தாறு துணுக்கு நீளமுடையது. ஏழு துணுக்கு ஆஸ்கி எழுத்துகள் ஐந்தை அதில் அடைத்து, எஞ்சிய ஒரு துணுக்கை வெறுமனே விட்டுவிடுவது வழக்கம். இவ்வாறு எழுத்துமுறையே வேறுபடும் இரு ஊர்களுக்கிடையே ஒரு கடிதத்தை அனுப்பும்போது, எதை மாற்றாமல் விடுவது, எதை மாற்றிக் கொடுப்பது?

நெறிமுறை இதற்குக் கண்ட விடை இரண்டு வகைகளைப் பிரித்தது. ஒன்று எழுத்து வகை: இதில் உள்ளடக்கத்தின் பொருள் காக்கப்படும், வடிவம் ஊருக்கேற்ப மாறும். மற்றொன்று பிம்ப வகை: இதில் துணுக்குக்குத் துணுக்கு அப்படியே படியெடுக்கப்படும். 1985 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் வெளியிட்ட 959ஆவது குறிப்பில் இந்த நெறிமுறை நிலைபெற்ற வடிவத்தை அடைந்தது. அதில் எழுத்து வகையே இயல்பான தேர்வாக வைக்கப்பட்டது. பின்னாளில் படங்களையும் சுருக்கப்பட்ட கோப்புகளையும் அனுப்பியவர்கள் அதன் விளைவை அனுபவித்தனர். எழுத்து வகையில் சென்ற படத்தில், வரி முடிவுக் குறி போலத் தோன்றிய பைட்டுகளையெல்லாம் மென்பொருள் மாற்றிவிடும். படம் போய்ச் சேரும், ஆனால் திறக்காது. நல்லெண்ணத்தோடு திருத்தும் படியெடுப்பாளர் மூலத்தைக் கெடுத்துவிடுவது ஏட்டுச்சுவடி மரபை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி அன்று.

இனி கருவியின் நினைவுக்கு வருவோம். தொடக்கத்தில் எஃப்டிபி மென்பொருளுக்கு நினைவு என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் முகவரியையும் கடவுச்சொல்லையும் விசைப்பலகையில் அடிக்க வேண்டும். யூனிக்ஸ் கணினிகளில் நெட்ஆர்சி என்ற சிறு எழுத்துக் கோப்பு இந்தச் சிரமத்தைக் குறைத்தது. பயனர் தம் கையாலேயே அதில் முகவரி, பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை எழுதி வைப்பார். கடவுச்சொல் உள்ள அந்தக் கோப்பைப் பிறர் படிக்கும்படி திறந்து வைத்திருந்தால் மென்பொருள் அதைப் பயன்படுத்த மறுத்துவிடும். இரகசியத்தைக் காக்கும் பொறுப்பு பயனருடையது என்றாலும், அதை நினைவூட்டும் கடமை தனக்குண்டு என்று அந்த மென்பொருள் கருதியது. மனிதன் எழுதிய கோப்பை மென்பொருள் படித்தது, அவ்வளவே. மென்பொருள் அதில் எழுதாததால் அதைக் கெடுக்கவும் வழியில்லை.

விண்டோஸ் காலம் வந்ததும் இந்த உறவு தலைகீழானது. 1993இல் ஜான் ஜுனோட் எழுதிய டபிள்யூஎஸ் எஃப்டிபி போன்ற மென்பொருள்கள் தளங்களின் பட்டியலைத் தாமே எழுதி வைத்துக்கொண்டன. பயனர் பெட்டிகளை நிரப்பினால் போதும், கோப்பு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று அவர் அறிய வேண்டியதில்லை. வசதி பெருகியது, அறியாமையும் சேர்ந்து பெருகியது. தம் திறவுகோல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாத தலைமுறை ஒன்று உருவானது.

ஃபைல்ஸில்லா இந்த வரிசையில் 2001இல் வந்தது. டிம் கோஸே என்ற ஜெர்மானிய மாணவரும் அவர் வகுப்புத் தோழர் இருவரும் கணினி அறிவியல் வகுப்புக்கான செயல்திட்டமாக அவ்வாண்டு சனவரியில் இதைத் தொடங்கினர். விற்கலாமா என்று யோசித்தபோது, இத்தகைய மென்பொருள்கள் ஏற்கெனவே மலிந்து கிடப்பதால் ஒரு பிரதிகூட விலைபோகாது என்று எண்ணி, மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டனர். விலைபோகாது என்று கருதப்பட்ட அந்தப் பொருள் உலகெங்கும் பரவியது. 2007 செப்டம்பரில் முழுவதுமாக மாற்றி எழுதப்பட்ட மூன்றாம் பதிப்பு வந்தது. அது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கியது. அதன் அமைப்புகள் ஒரு கோப்பிலும், தளங்களின் பட்டியல் இன்னொரு கோப்பிலுமாக எக்ஸ்எம்எல் வடிவில் எழுதப்பட்டன.

எக்ஸ்எம்எல்லைத் தேர்ந்ததில் ஒரு கண்டிப்பும் கூடவே வந்தது. 1998 பிப்ரவரி 10ஆம் தேதி உலகளாவிய வலைக் குழுமம் பரிந்துரையாக வெளியிட்ட குறிமொழி அது. அதற்கு முன்பிருந்த எச்டிஎம்எல், பிழைகளைப் பொறுத்துப் பழகியது. திறந்த குறியை மூடாமல் விட்டாலும் உலாவி ஒருவாறு ஊகித்துப் பக்கத்தைக் காட்டிவிடும். அந்தத் தாராளம் எத்தனை குழப்பத்துக்கு இடமளித்தது என்பதைக் கண்ட எக்ஸ்எம்எல் வடிவமைப்பாளர்கள் எதிர்த்திசையில் சென்றனர். திறந்த குறி ஒவ்வொன்றும் மூடப்பட வேண்டும், உள்ளே திறந்தது உள்ளேயே மூடப்பட வேண்டும். ஓரிடத்தில் பிழை கண்டாலும் படிக்கும் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும், ஊகிக்கக் கூடாது. சிறு குற்றத்துக்கும் மரண தண்டனை விதித்ததாகச் சொல்லப்படும் ஏதென்ஸ் நகரத்து டிராக்கோவின் பெயரால் இந்த விதியை அவர்களே குறிப்பிட்டனர்.

இந்தக் கண்டிப்பு தேவையானதா? ஒரு வணிகப் பட்டியலையோ வங்கிக் கணக்கையோ எண்ணிப் பார்த்தால் தேவை என்றே சொல்லத் தோன்றும். பாதி படித்துவிட்டு மீதியை ஊகிக்கும் கணக்கர் ஆபத்தானவர். ஆனால் ஐம்பது தளங்களின் முகவரிகள் சரியாக இருந்து, ஐம்பத்தோராவது மட்டும் பாதியில் அறுந்திருந்தாலும் ஐம்பதையும் சேர்த்து மறுக்கும் நிலை இதனால் உண்டாகிறது. அறிவிப்புப் பெட்டியின் முன் திகைத்து நின்றவர் அனுபவித்தது இதைத்தான். கோப்பில் இருந்தவை பெரும்பாலும் அழியவில்லை. அவற்றை வாசிக்கும் உரிமையே மறுக்கப்பட்டது.

கோப்பு ஏன் பாதியில் அறுகிறது? பயனர் 'சேமி' என்று சொன்னவுடன் எழுத்து வன்தட்டில் பதிந்துவிடுவதாக நாம் நம்புகிறோம். உண்மையில் அது முதலில் நினைவகத்தில் காத்திருக்கும். இயங்குதளம் தனக்கு வசதியான நேரத்தில் அதை வட்டுக்கு அனுப்பும். பழைய கோப்பைக் காலி செய்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதுவது எளிய முறை. காலி செய்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. சில வேளை கோப்பின் அளவு பூச்சியமாக இருக்கும். சில வேளை அளவு சரியாக இருக்கும், உள்ளே வெற்றுப் பைட்டுகள் மட்டும் நிறைந்திருக்கும். கோப்பின் பெயரையும் அளவையும் பதிவேட்டில் காக்கும் கோப்பு முறைமை, அதன் உள்ளடக்கத்தையும் அவ்வாறே காக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மின்வெட்டு அன்றாட நிகழ்வாக இருந்த நம் ஊர்களில் இதற்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லினக்ஸ் உலகில் இதே விஷயம் பெரும் சர்ச்சையாக வெடித்தது. 2008 டிசம்பரில் வெளியான கருவகத்தில் எக்ஸ்ட்4 என்ற புதிய கோப்பு முறைமை நிலைபெற்றதாக அறிவிக்கப்பட்டிருந்தது. உபுண்டுவின் சோதனைப் பதிப்பில் அதைப் பயன்படுத்தியவர்கள், கணினி திடீரென நின்று மறுபடி எழுந்தபோது தம் திரைமேசை அமைப்புக் கோப்புகள் பல பூச்சிய அளவாகிக் கிடப்பதைக் கண்டனர். பழைய எக்ஸ்ட்3 முறைமை இயல்பாக ஐந்து நொடிகளுக்கு ஒருமுறை எழுத்தை வட்டில் பதித்து வந்தது. புதியதோ, வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டு, அரை நிமிடமோ அதற்கு மேலோ காத்திருந்தது. வேகம் கூடியது, விபத்துக்கான இடைவெளியும் கூடியது.

எக்ஸ்ட்4இன் முதன்மை ஆசிரியர்களில் ஒருவரான தியடோர் சோ விரிவாக விளக்கம் எழுதினார். பிழை கோப்பு முறைமையினுடையது அன்று, அமைப்புகளை எழுதும் நிரல்களினுடையது என்பது அவர் நிலை. யூனிக்ஸ் மரபின் பொதுவிதிகள் எதை உறுதியளிக்கின்றனவோ அதை மட்டுமே நிரலர் நம்ப வேண்டும். புதிய உள்ளடக்கத்தைத் தனியொரு தற்காலிகக் கோப்பில் எழுத வேண்டும். அது வட்டில் பதிந்ததை எஃப்சிங்க் என்ற கட்டளையால் உறுதிசெய்ய வேண்டும். அதன்பிறகே பழைய கோப்பின் பெயரை அதற்குச் சூட்ட வேண்டும். பெயர் மாற்றம் பிளவுபடாத ஒற்றைச் செயல். எந்த நொடியில் மின்சாரம் போனாலும் பழைய முழுக்கோப்போ புதிய முழுக்கோப்போ ஏதேனும் ஒன்று மிஞ்சும்.

நிரலர்கள் எஃப்சிங்கைத் தவிர்த்ததற்கும் காரணம் இருந்தது. எக்ஸ்ட்3இல் அந்தக் கட்டளை ஒரு கோப்புக்காக இட்டாலும், காத்திருக்கும் எல்லாவற்றையும் வட்டுக்குத் தள்ளிக் கணினியைத் திணறடிக்கும். 2008இல் ஃபயர்ஃபாக்ஸின் மூன்றாம் பதிப்பு இதனால் லினக்ஸில் தடுமாறிப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. ஆக, ஒரு முறைமையின் குறை நிரலர்களுக்கு ஒரு தவறான பழக்கத்தைக் கற்பித்தது. அடுத்த முறைமை அந்தப் பழக்கத்தைத் தண்டித்தது. இடையில் அகப்பட்டுக்கொண்டவர் இவை எதையும் அறியாத பயனர். கொள்கையளவில் தம் கருத்தை விட்டுக்கொடுக்காத சோ, நடைமுறையில் இறங்கி வந்தார். பழைய கோப்பை மாற்றி எழுதும் சூழலை இனங்கண்டு உடனே இடம் ஒதுக்கும் ஏற்பாடுகளை அவரே எழுதினார். அவை 2009 சூனில் வெளியான 2.6.30ஆவது கருவகத்தில் இடம்பெற்றன. விதி ஒருபுறம் நிற்க, மனிதர்களின் பழக்கத்துக்கு இடம் கொடுத்தாக வேண்டும் என்பது அச்சர்ச்சை விட்டுச்சென்ற பாடம்.

ஃபைல்ஸில்லாவும் இத்தகைய காப்பு ஒன்றைக் கைக்கொண்டது. சேமிக்கும்போது பழைய கோப்பின் படியொன்றை, பெயரின் இறுதியில் அலைக்குறி சேர்த்து வைத்துக்கொள்ளும். எழுத்து நல்லபடியாக முடிந்தால் அந்தப் படி நீக்கப்படும். இடையில் தடைப்பட்டால் அது அங்கேயே கிடக்கும். ஆகவே அமைப்புக் கோப்பு சிதைந்தது என்று கண்டால் முதலில் தேட வேண்டியது அலைக்குறியிட்ட அந்தப் படியைத்தான்.

செப்பனிடும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். மென்பொருளை முதலில் மூடிவிட வேண்டும். இல்லையெனில் மூடும்போது அது மறுபடி எழுதி, எஞ்சியதையும் அழிக்கக்கூடும். அடுத்து, அமைப்புகள் உள்ள கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். விண்டோஸில் அது பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் ஃபைல்ஸில்லா என்ற பெயரில் இருக்கும். பொது அமைப்புகளுக்கான கோப்பு மட்டும் சிதைந்திருந்தால் கவலை இல்லை. அதை நகர்த்திவிட்டால் மென்பொருள் இயல்பு மதிப்புகளோடு புதியதை உண்டாக்கிக்கொள்ளும். தளங்களின் பட்டியல் சிதைந்திருந்தால் அதை எளிய எழுத்துத் தொகுப்பானில் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே எழுத்துகள் தென்பட்டால் பெரும்பகுதியை மீட்கலாம். ஒவ்வொரு தளமும் 'சர்வர்' என்ற உறைக்குள் இருக்கும். அந்த உறைகள் எல்லாம் 'சர்வர்ஸ்' என்ற பெரிய உறைக்குள்ளும், அது மூல உறைக்குள்ளும் அடங்கும். அறுந்த கடைசித் தளத்தின் பகுதியை நீக்கிவிட்டு, உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் உறைகளை மூடினால் ஆவணம் மீண்டும் இலக்கணத்துக்கு உட்பட்டுவிடும்.

தமிழில் தளங்களுக்குப் பெயரிட்டவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கோப்பு யூடிஎஃப்-8 குறியீட்டில் எழுதப்படுவது. அதில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். கோப்பு இரண்டாவது பைட்டோடு அறுந்திருந்தால் உறைகளை எல்லாம் சரியாக மூடினாலும் வாசிப்பு நிற்கும். அந்தக் குறைக்குறியையும் நீக்க வேண்டும். பழைய நோட்பேட் இயல்பாகத் தேர்ந்த ஆன்சி குறியீட்டில் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் வினாக்குறிகளாக மாறிவிடும். அங்கும் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தே சேமிக்க வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. உதவி கேட்டுச் சிதைந்த கோப்பை அப்படியே பிறருக்கு அனுப்பிவிடக் கூடாது. நெடுங்காலம் ஃபைல்ஸில்லா கடவுச்சொற்களை வெளிப்படையாகவே எழுதி வந்தது. பின்னர் பேஸ்64 என்ற வடிவில் எழுதியது. அது வேறு எழுத்தில் எழுதுவதே தவிரப் பூட்டு அன்று. 2009இல் கம்ப்ளார் என்ற நச்சுநிரல் பயனர்களின் கணினிகளிலிருந்து எஃப்டிபி கடவுச்சொற்களைத் திருடி, அவற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான இணையதளங்களுக்குள் புகுந்தது. முதன்மைக் கடவுச்சொல் ஒன்றால் மற்றவற்றைப் பூட்டி வைக்கும் வசதி ஃபைல்ஸில்லாவில் 2017இல்தான் வந்தது. அந்தப் பூட்டைப் போட்டவர் அதன் திறவுகோலையும் மறக்காதிருக்க வேண்டும் என்பது தனிக் கவலை.

இந்தச் செப்பனிடும் பணி பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது என்று சொல்வதில் மிகை இல்லை. மூலத்தைத் தொடாமல் படியில் மட்டுமே வேலை செய்வது முதல் ஒழுக்கம். அறுந்த இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் விடுவது இரண்டாவது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. யாரும் இரண்டு பாடல்களைப் புனைந்து அங்கே செருகவில்லை என்பதால்தான் எஞ்சியவற்றை நாம் நம்பிப் படிக்கிறோம். பிழை கண்டால் ஊகிக்காமல் நில் என்று எக்ஸ்எம்எல் விதித்ததும் இந்த நேர்மையைத்தான். ஆனால் ஏட்டின் ஓர் ஓரம் செல்லரித்ததற்காகச் சுவடி முழுவதையும் எடுத்து வைத்துவிடும் பதிப்பாசிரியர் இல்லை. நேர்மையோடு பொறுமையும் சேரும் இடத்தில் மனிதரின் கை தேவைப்படுகிறது.

இதில் இழப்பு எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதல், தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் தட்டச்சு செய்து வலையேற்றிய பக்கங்களால் ஆனது தமிழ் இணையம். அத்தகைய சிறு தளங்கள் பலவற்றில் கடவுச்சொல் ஒருவர் கையில், அவர் கணினியில், ஒரு கோப்பில் இருந்தது. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, திறவுகோல் கைவசம் இருந்தவர்கள் தம் பக்கங்களைக் காலத்தே இறக்கி எடுத்துக்கொள்ள முடிந்தது. தொலைத்தவர்கள் தம் எழுத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. வழங்கி நிறுவனத்திடம் தாமே உரிமையாளர் என்று மெய்ப்பிப்பது எல்லோராலும் ஆகக்கூடியதன்று. பதிவுசெய்த மின்னஞ்சல் முகவரியும் அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும்.

எஃப்டிபியின் பொற்காலம் முடிந்துவிட்டது. 2021இல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய இரு உலாவிகளும் அதற்கான ஆதரவை அறவே நீக்கின. கடவுச்சொல்லை மறைக்காமல் கம்பிவழி அனுப்பிய பழைய நெறிமுறையின் இடத்தைப் பாதுகாப்பான வேறு நெறிமுறைகள் எடுத்துக்கொண்டன. ஆயினும் ஃபைல்ஸில்லா போன்ற மென்பொருள்கள் அவற்றையும் பேசும் திறனோடு பயனில் உள்ளன. அவற்றின் கோப்பு மெனுவில் ஏற்றுமதி என்றொரு கட்டளை இருக்கிறது. தளங்களின் பட்டியலை வேறோர் இடத்தில் ஒரு படியாக எடுத்து வைக்க அரை நிமிடம் போதும். அந்தப் படியில் கடவுச்சொற்களும் இருக்கக்கூடும் என்பதால் பிறர் கைபடாத இடத்தில் வைப்பது நலம்.

ஏடு செல்லரிக்கும் முன் புதிய ஏட்டில் படியெடுத்து வைப்பது நம் முன்னோர் தலைமுறைதோறும் செய்து வந்த கடமை. அவர்கள் படியெடுக்காமல் விட்டவை இன்று நம்மிடம் இல்லை. வன்தட்டு பனையோலையைவிட நீண்ட ஆயுள் கொண்டதன்று. ஒரு தளத்தை நடத்துகிறவர்கள் அதன் திறவுகோல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை அறிந்திருப்பதும், நம்பகமான இன்னொருவருக்கேனும் அதைத் தெரிவித்து வைப்பதும், தாம் அங்கே எழுதி வைத்த எழுத்துக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.